காந்தள் கிழங்கு காணாமல் போன பொங்கல்

பேட்டையில் என் கணவரின் லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு முள்வேலி இருக்கிறது. ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனபோது அந்த வேலியில் செங்காந்தள் பூத்திருப்பதைப் பார்த்தேன். இரும்புத்தூளும் ஆயில் கறையுமாகக் கிடந்த இடத்தில் கருவேல முள்ளைப் பற்றிக்கொண்டு ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. இதழ்கள் மேல்நோக்கி மடங்கி, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக நின்றன. சோற்றுத் தூக்கைக் கையில் பிடித்தபடி நான் நனைந்துகொண்டே நின்றேன்.

பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணாச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "அது கண்வலிக் கொடில்லா. பூ நல்லாத்தான் இருக்கும், கிழங்கு பூரா விஷம். தொட்டீங்கன்னா கையக் கழுவிட்டுச் சோத்தத் தொடுங்க."

எனக்கும் அது தெரியும். விஷம் என்று தெரிந்துதான் அந்தக் கொடி காய்ந்த பிறகு, மாசியில், கிழங்கைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தெருவுக்குத் தெரு அரளி நிற்கிற ஊரில் இதற்கென்ன என்று நினைத்தேன். பாளையங்கோட்டைக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டிய மனைகளில் எங்கள் வீடு. பின்பக்கம் கொஞ்சம் மண் உண்டு. என் கணவர் பட்டறையில் மிஞ்சிய பைப்புகளை வெல்டிங் வைத்து ஒரு பந்தல் சட்டம் செய்து தந்தார்.

காந்தள் கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கையாக வளைந்திருக்கும். முளை நுனியில் மட்டும்தான் வரும். நுனி உடைந்தால் அந்தக் கை அவ்வளவுதான். நான் கொண்டுவந்ததை ஆனி கடைசியில் இரண்டாகப் பிரித்து, மணல் கலந்த மண்ணில் படுக்கவைத்துப் புதைத்தேன். ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மேற்கேயிருந்து கிளம்பி வந்து துணியையும் கூரை ஓட்டையும் தூக்கிக்கொண்டு போகும். அந்தக் காற்றில்தான் முளை எட்டிப் பார்த்தது. விரல் பட்டால் ஒடியும் தண்டு. அதைக் காப்பாற்றியது நான் மட்டும் இல்லை. மாமாவும்தான்.

மாமா என் கணவரின் அப்பா. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அத்தை போன பிறகு எங்களோடு இருக்கிறார். அவர்களுக்கு ஆற்றுப் பாசனத்தில் இருந்த வயலெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டது. ஆனாலும் மண் விஷயம் என்றால் அவர் கை தானாக வேலை செய்யும். அந்த வருஷம்தான் அவருக்கு மறதி வரத் தொடங்கியிருந்தது. முதலில் மூக்குக்கண்ணாடியை மறந்தார். பிறகு சாப்பிட்டதை மறந்தார். ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுல இருந்து வாரீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் அடுப்படியில் போய் அழுதுவிட்டு வந்து காப்பி கொடுத்தேன்.

அந்தக் கொடி மட்டும் அவருக்கு மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் நேராகப் பின்பக்கம் போவார். காந்தளின் இலை நுனிதான் அதன் பிடிமானம். நுனி நீண்டு, சுருண்டு, கிடைத்ததைச் சுற்றிக்கொள்ளும். எந்த இலைக்கு எதுவும் அகப்படவில்லையோ அங்கே ஒரு நூலைக் கட்டிவிடுவார். கறுப்பும் சிவப்புமாகப் புழு விழுந்து ஒரே நாளில் பாதி இலையைத் தின்றபோது, ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டி உப்புத் தண்ணீரில் போட்டார். வேலை முடிந்ததும் குழாயடியில் நானே சோப்புப் போட்டு அவர் கையைக் கழுவிவிடுவேன். ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை.

புரட்டாசியில் பூத்தது. தீபாவளிக்கு மைனி வந்தாள். மைனி என் கணவரின் அக்கா, கல்லிடைக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள், கணவர் மஸ்கட்டில். எதையும் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள். பூவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏட்டி, இது கண்வலிக் கொடிதான? இத வச்சு எத்தனை பேரு செத்திருக்கா தெரியுமா? அப்பா இருக்க இருப்புல வீட்டுக்குள்ள ஏம்ட்டி விஷத்த வளக்க?"

"மைனி, மாமாவுக்குக் காலையில எந்திரிச்சா போறதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. அத எப்படிப் பிடுங்க?"

"நான் சொல்லிட்டேன். பொறவு உன் இஷ்டம்."

மார்கழிப் பனியில் கொடி மஞ்சளாகி மடிந்தது. நான் மண்ணைக் கிளறிப் பார்த்தபோது புதிதாக மூன்று கிழங்குகள் திரண்டிருந்தன. கையுறை போட்டு எடுத்து, மண்சட்டியில் மணல் நிரப்பி, அதில் புதைத்து, வாயைத் துணியால் கட்டினேன். ஸ்டூல் போட்டு ஏறினால் மட்டுமே எட்டுகிற குளியலறைப் பரணில் வைத்தேன். வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அது ஆடி வரைக்கும் அங்கேயே இருக்கும் என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு மைனி தன் மகளோடு வந்தாள். மகளுக்கு அது தலைப்பொங்கல். ஐந்து மாதக் கர்ப்பம். மாப்பிள்ளைக்கு வெளிமாநிலத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. தலைப்பொங்கலைத் தாத்தாவோடு கும்பிட வேண்டும் என்று அந்தப் பிள்ளைதான் பிடிவாதம் பிடித்து வந்திருந்தது.

விடியும்போதே வாசலில் அடுப்பாகப் பொங்கல்கட்டி மூன்றையும் வைத்து, காய்ந்த பனையோலையைக் கொளுத்திப் பால் பொங்கவிட்டோம். மாமா புது வேட்டி கட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓலையைத் தள்ளினார். அன்றைக்கு எல்லோரையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. பேத்தியின் தலையில் கை வைத்து, "பைய நட தாயி" என்றார். அதன் பிறகு சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்கிக் கொடுத்தார். எத்தனையோ வருஷமாக அது அவர் வேலை. நாங்கள் பானையை இறக்கிக்கொண்டு உள்ளே போன பிறகும் அவர் வாசலிலும் பின்பக்கத்திலுமாக நடந்துகொண்டிருந்தார். மைனி காய் நறுக்க, நான் சமைத்தேன். கிழங்கு இல்லாமல் எங்கள் ஊரில் பொங்கல் கிடையாது. சிறுகிழங்குப் பொரியல், சேனை, சேம்பு, வள்ளிக்கிழங்கு எல்லாம் போட்ட குழம்பு. வயிறு நிறையச் சாப்பிட்டோம். அந்தப் பிள்ளை இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

பாத்திரம் துலக்கப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்கு அடியில் என் மண்சட்டி இருந்தது. துணி அவிழ்ந்து, மணல் தரையில் சிந்தியிருந்தது.

பரணில் இருக்க வேண்டியது இங்கே எப்படி வந்தது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. உட்கார்ந்து மணலைக் கையாலேயே துழாவினேன். இரண்டு கிழங்கு அகப்பட்டது. தரையில் சிந்தியதையும் கிளறினேன். சட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். இரண்டுதான்.

மாமா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். அவர் வேட்டி மடியில் மணல் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"மாமா, பின்னால ஒரு சட்டியில கிழங்கு இருந்துதே. எடுத்தீங்களா?"

"கிழங்கா? மண்ணுக்குள்ள கிடந்துது. கிழங்கோட சேத்துட்டேன்லா."

"எந்தக் கிழங்கோட?"

"பொங்கலுக்கு வாங்குன கிழங்கோடதான். பொறவு எதோட சேப்பாவ?"

அடுப்படிக்குப் போனேன். மைனி குழம்புச் சட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"மைனி, காய் நறுக்கும்போது நீளமா, வளைஞ்ச மாதிரி ஒரு கிழங்கு இருந்துதா?"

"ஒண்ணு கிடந்துது. வள்ளிக்கிழங்குன்னு தோலச் சீவிக் குழம்புல போட்டேன். ஏன்?"

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த மூடி தரையில் விழுந்து சுழன்றது.

"அந்தக் கிழங்கா? ஏட்டி, அந்தக் கிழங்கா?"

"தெரியல மைனி. ஒண்ணக் காணோம்."

"என் பிள்ள ரெண்டு தடவ வாங்கித் தின்னாளேட்டி!"

சத்தம் கேட்டு என் கணவர் ஓடிவந்தார். நான் சொன்னேன். அவர் குழம்பை ஒரு தட்டில் கொட்டி, துண்டு துண்டாக எடுத்துப் பார்த்தார். வெந்து குழைந்த கிழங்கில் எது எது என்று யாரால் சொல்ல முடியும்? எதைத் தொட்டாலும் ஒரே மாவாக இருந்தது. அந்தப் பிள்ளை அறை வாசலில் வந்து நின்று எங்களையே பார்த்தது.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே அம்மா. நல்லாத்தான இருக்கேன்."

அந்த நேரத்தில் கூடத்தில் மாமா குனிந்து வாந்தி எடுத்தார்.

பொங்கல் நாளில் ஆட்டோ எங்கே கிடைக்கும்? பட்டறைக்குச் சாமான் ஏற்றுகிற குட்டியானை வண்டி வாசலில் நின்றது. முன்னால் அந்தப் பிள்ளையை உட்காரவைத்தோம். பின்னால் பாயை விரித்து மாமாவைப் படுக்கவைத்து, ஒரு பக்கம் மைனியும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொண்டோம். புறப்படும்போது மிச்சமிருந்த இரண்டு கிழங்கையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். தெருவெல்லாம் கோலமும் கரும்புச் சக்கையுமாகக் கிடந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் மாமா முனகினார். மைனி என்னைப் பார்க்கவே இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வழியாக மகளின் பின்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கு இளவயதுப் பெண் டாக்டர் ஒருவர் பணியில் இருந்தார். கவரைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதைச் சாப்பிட்டவங்க யார் யார்?"

"தெரியல டாக்டர். எல்லாரும் சாப்பிட்டிருக்கலாம். யாருமே சாப்பிடாமலும் இருக்கலாம். மாமா மட்டும்தான் வாந்தி எடுத்தாங்க."

மாமாவை உள்ளே கொண்டுபோனார்கள். குழாய் போட்டு வயிற்றைக் கழுவினார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். எங்கள் நான்கு பேருக்கும் ரத்தம் எடுத்து, கரித்தூளைக் கரைத்துக் குடிக்கவைத்து, ஒரே வரிசையில் உட்காரவைத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் கட்டில் கொடுத்தார்கள். கறுப்பான அந்தத் தண்ணீரைக் குடித்ததும் அந்தப் பிள்ளைக்குக் குமட்டியது. மைனி எழுந்து நின்று, "இது மருந்தாலயா, விஷத்தாலயா?" என்று போகிற வருகிற நர்ஸிடமெல்லாம் கேட்டாள்.

டாக்டர் வெளியே வந்தார். "இதுக்கு முறிவு மருந்துன்னு ஒண்ணு கிடையாது. இன்னைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கும். நாளைக்கு நல்லாயிட்ட மாதிரித் தெரியும். அதை நம்பாதீங்க. அதுக்கு அடுத்த நாள்தான் கிட்னி, ரத்தம், இதயம்னு ஒவ்வொண்ணாப் பார்க்கணும். எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்."

"வயித்துப் பிள்ளைக்கு?" என்றாள் மைனி.

"முதல்ல அவங்க சாப்பிட்டாங்களான்னு தெரியட்டும்மா."

என் கணவர் சுவரில் சாய்ந்து நின்றார். என் பக்கம் திரும்பிச் சொன்னார், "சட்டிய நான்தான் இறக்குனேன். வெள்ளையடிக்கப் பரணக் காலி பண்ணும்போது துவைக்கிற கல்லுக்குக் கீழ வச்சேன். திருப்பி ஏத்தணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்."

மைனி அவரைப் பார்த்தாள். "யார் இறக்குனா என்னலே? அது வீட்டுக்குள்ள எதுக்கு வந்துது? அதச் சொல்லு."

உள்ளே மாமா வாந்தி எடுக்கிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

விஷம் என்றால் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் இருக்கும் ஏட்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். அதட்டாமல், சாதாரணமாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பெரியவருக்கு ஞாபக மறதியா?"

"ஆமா."

"அவரப் பாத்துக்கிடுதது யாரு?"

"நான்தான்."

"அந்தச் செடிய வளத்தது?"

"நான்தான்."

"விஷம்னு தெரியும்லா?"

"தெரியும்."

நான் சொன்ன ஒவ்வொரு பதிலும் உண்மை. ஆனால் அவற்றை அடுக்கிவைத்துப் பார்த்தால் என் காதுக்கே வேறு மாதிரி ஒலித்தது. மாமாவுக்கு மாத்திரை கொடுப்பது நான். சோறு போடுவது நான். சில ராத்திரிகளில் அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்போது அலுத்துக்கொண்டதும் நான்தான். இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். என் கணவர் ஏதோ சொல்ல வந்தார். ஏட்டு கையைக் காட்டி நிறுத்திவிட்டு மைனியிடம் போனார்.

"நீங்க பெரியவரோட மகதான? உங்க தம்பி வீட்டம்மா மேல உங்களுக்கு எதும் சந்தேகம் இருக்கா? பயப்படாமச் சொல்லுங்க."

மைனி அப்போது மகளின் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். மகளின் கால்விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு அவள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அதை இப்போது சொன்னால் போதும். பொய்யே இல்லாமல் என்னை முடித்துவிடலாம்.

அவள் ஏட்டை நேராகப் பார்த்தாள். "என்ன சந்தேகம்? எங்கப்பா வேட்டியோட ஒண்ணுக்குப் போனா அலசிப் போடுதது அவதான். பெத்த மக நான் வருஷத்துக்கு நாலு தடவ வந்து நொட்டை சொல்லிட்டுப் போறேன். அவ மேல எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. எழுதிக்கிடுங்க."

ஏட்டு எழுதிக்கொண்டார். கிழங்கு இருந்த கவரையும் வாங்கிக்கொண்டு போனார். நான் மைனியின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பாமலே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அது போலீஸ்காரன்கிட்டச் சொல்லவேண்டியது, சொன்னேன். என் பிள்ளைக்கு ஒண்ணுன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். தெரிஞ்சுக்கோ."

"சரி மைனி," என்றேன். வேறென்ன சொல்ல?

பொழுது சாயும் நேரத்தில் மாமாவைப் பார்க்க ஒருவர் ஒருவராக உள்ளே விட்டார்கள். மைனியும் நானும் ஒன்றாகவே நுழைந்துவிட்டோம். அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. மைனி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தாள்.

"அப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தக் கிழங்க எங்க போட்டீங்க?"

அவர் முகத்தைச் சுளித்தார். "வேகவே இல்லட்டி. ஒரே கசப்பு."

"எது வேகல?"

"சுட்டது."

மைனி பஞ்சைக் கீழே வைத்தாள். என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்க சின்ன வயசுல, பொங்கல் பான இறக்கின பொறவு அப்பா அந்தக் கங்குக்குள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கப் பொதைப்பாவ. சுட்டு, ஊதி ஊதி எங்களுக்குப் பிச்சுத் தருவாவ. ஏட்டி, அடுப்புக்குள்ள போட்டிருக்காவ! குழம்புல இல்ல, அடுப்புக்குள்ள!"

என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அடுப்புச் சாம்பலை யாராவது அள்ளிப் போட்டிருப்பார்களோ, நாய் கிளறியிருக்குமோ என்று எனக்குள் ஓடியது. மைனி உதட்டை அசைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தேவாரமாக இருக்கலாம்.

அவர் வந்தபோது முழங்கை வரை சாம்பலாக இருந்தது. செய்தித்தாளைப் பிரித்தார். கரிந்துபோன ஒரு வளைந்த கிழங்கு. ஒரு கை முழுசாக இருந்தது. இன்னொரு கையில் பாதியைக் காணோம். பொங்கல்கட்டிக்குப் பக்கத்திலேயே மென்று துப்பிய சக்கையும் கொஞ்சம் கிடந்ததாம். அதையும் இலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். கசந்ததும் பெரும்பகுதியைத் துப்பியிருக்கிறார். அப்படியானால் மைனி நறுக்கியது நிஜமாகவே வள்ளிக்கிழங்குதான்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ நீங்க நாலு பேரும் பயப்பட வேண்டாம். ஆனாலும் இந்தப் பொண்ணு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

மைனி மகளின் கட்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கி அழுதாள். நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்ட அதே நொடியில், அப்படியானால் உள்ளே போன விஷம் முழுவதும் மாமாவுக்குத்தான் என்று உறைத்தது. மைனிக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து முகத்தைக் கழுவினாள்.

மறுநாள் டாக்டர் சொன்ன மாதிரியே நடந்தது. மாமா எழுந்து உட்கார்ந்தார். காப்பி கேட்டார். தூரத்தில் மாட்டுப்பொங்கல் மேளம் கேட்டதும், "மாட்டக் குளிப்பாட்டியாச்சா?" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள், "பெரியவர் பிழைச்சுக்கிட்டாரு" என்றார்கள். எங்களுக்கு, அதை நம்பாதீங்க என்ற டாக்டரின் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவர் நகத்தின் நிறத்தைப் பார்த்தேன். மைனி மூத்திரப் பையைப் பார்த்தாள். அது நிறையவில்லை என்று நர்ஸிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதற்கு அடுத்த நாள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ரத்த அழுத்தம் இறங்கியது. ரத்தத்தில் அணுக்கள் குறைந்தன. என் கணவர் பட்டறைக்காரர்களுக்குப் போன் போட்டு ரத்தம் கொடுக்க ஆள் கூப்பிட்டார். முதன்முதலில் எனக்கு அந்தக் கொடியைப் பற்றிச் சொன்ன அண்ணாச்சியும் வந்து கொடுத்துவிட்டுப் போனார். எங்களை அந்தப் பிரிவின் வாசலில் நிற்கக்கூட விடவில்லை. மாடிப்படி அடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தோம். மகளை ஊருக்கு அனுப்பிவிட்டு மைனி மட்டும் தங்கியிருந்தாள். நானும் அவளும் ஒரே பொட்டலத்து இட்லியைப் பிரித்துத் தின்றோம். ஒரு தடவை அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"ராத்திரி கதவத் தட்டுவாவளா?"

"தட்டுவாங்க மைனி. ஊருக்குப் போணும்னு சொல்லுவாங்க."

"எந்த ஊருக்கு?"

"இந்த ஊருதான்னா நம்ப மாட்டாங்க."

அவள் மிச்சமிருந்த இட்லியை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

நல்ல செய்தி ஒரே அடியாக வரவில்லை. மூத்திரம் கொஞ்சம் இறங்கியது என்றார்கள். பிறகு அழுத்தம் நிற்கிறது என்றார்கள். பிறகு கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். சாதாரணப் படுக்கைக்கு வந்த பிறகு ஒரு காலையில் தலையணை முழுவதும் வெள்ளை முடியாகக் கிடந்தது. கையால் கோதினால் கொத்தாக வந்தது. விஷத்தின் மிச்சம், திரும்ப முளைத்துவிடும் என்றார் டாக்டர். மாமா தலையைத் தடவிப் பார்த்து, "திருச்செந்தூருக்கு நேர்ந்திருந்தேனா?" என்று கேட்டார். மைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பந்தல் சட்டத்துக்கு அடியில் இருந்த மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிச் சலித்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை என்றுதான் நினைத்தேன். ஆடிக் காற்று தொடங்கிய நேரத்தில் மாமா பின்பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். அவர் குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"தாயி, இங்கன வந்து பாரு! முளைச்சிருக்கு!"

சட்டத்தின் காலை ஒட்டி, கூம்பு மாதிரி ஒரு பச்சை முளை. விரல் தடிமன்கூட இல்லை. அவர் அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, காற்று படாமல் இரண்டு உள்ளங்கையையும் குவித்து மறைத்துக்கொண்டிருந்தார். புதிதாக முளைத்த முடி அவர் தலையில் பஞ்சு மாதிரி ஆடியது. எனக்கு ஒரு நிமிஷம் கடப்பாரையை எடுக்கக் கை வரவில்லை. அந்த முளையில் இலை எப்படி விரியும், நுனி எப்படிச் சுருளும், எந்த மாதத்தில் எந்த நிறம் ஏறும் என்று எனக்கு மனப்பாடம்.

அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். கையுறை போட்டுக்கொண்டு தோண்ட ஆரம்பித்தேன்.

"ஏன் தாயி பிடுங்குத? நல்ல கொடில்லா?"

மழுப்பலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. "மாமா, இதத் தின்னுட்டுத்தான் நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தீங்க. செத்துப் பிழைச்சீங்க."

"நானா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது கண்வலிக் கிழங்கு. இதப் போய் எவனாவது தின்பானா? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் குனிந்து தோண்டிக்கொண்டே இருந்தேன். கிழங்கு வேரோடு வந்தது, சுண்டுவிரல் அளவுதான். அவர் பார்க்காதபோது விறகடுப்பில் போட்டு, சாம்பலாகும் வரை பக்கத்திலேயே நின்றேன். மூன்று நாள் அவர் அந்த இடத்தில் போய் நின்று தேடினார். நான்காவது நாள் தேடவில்லை.

அந்தச் சட்டத்தில் இப்போது பிச்சிக்கொடி ஏறுகிறது. ஏறுகிறது என்பதைவிட, அண்டிக்கொண்டு நிற்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பிச்சி தானாகச் சுற்றிப் பிடிக்காது, ஒவ்வொரு கொப்பையும் நாம்தான் வளைத்துக் கட்ட வேண்டும். மாமாவுக்கு அந்த வேலை போதுமானதாக இருக்கிறது. இன்னும் பூக்கவில்லை.

மைனியின் மகளுக்குச் சித்திரையில் பெண் பிறந்தது. மைனி இப்போதெல்லாம் வாரம் தவறாமல் போன் செய்கிறாள். மாதத்தில் நாலு நாள் வந்து, நீ போய் உன் அம்மா வீட்டில் தூங்கிவிட்டு வா என்று என்னை அனுப்பிவிட்டு, அப்பாவோடு இருக்கிறாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னதை அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. போன வாரம் வந்திருந்தபோது பின்பக்கம் போய் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து, "பிச்சிக்குச் சாணி உரம் பத்தல. இலை வெளிறிக் கிடக்கு," என்றாள்.

"வாங்கிப் போடுதேன் மைனி," என்றேன்.